பூஜ்யத்துக்கு ஆசைப்படாதீங்க மக்கா!

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ ஆன்மிகப் பதிவுன்னு நெனச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது மீன் தொட்டி மேட்டர். அதுலயும் வாஸ்து மீன், தங்கமீன் சமாச்சாரம் இல்லை. உப்புத்தண்ணி ஊத்தி, உயிருள்ள பவளம் வளர்க்கிறாங்களே, ரீஃப் டேங்க், அது. இந்தப் பக்கம் வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இதுல ஆர்வம் இருக்காதுன்னு தெரியும். இருந்தாலும் படிச்சுப் பாருங்க. ஒரு எண்ணைத் துரத்திக்கிட்டு ஓடுற மனுஷன், எதுக்காக ஓட ஆரம்பிச்சோம்கிறதையே மறந்துபோற கதைதான் இது. சர்க்கரை அளவு, எடை மெஷின், பசங்க மார்க்கு, நம்ம ஹிட் கவுண்ட்டர் எல்லாத்துக்கும் பொருந்தும் :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ரீஃப் டேங்க் வெச்சிருக்கிறவங்க மத்தியில ஒரு வில்லன் உண்டு. பேரு பாஸ்பேட். கண்ணாடியில பச்சையா படியுதா? பாஸ்பேட். பாறையில முடி மாதிரி பாசி முளைக்குதா? பாஸ்பேட். பவளம் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறுதா? சந்தேகமே வேண்டாம், பாஸ்பேட். வில்லனைக் கண்டா என்ன பண்ணணும்? ஒழிக்கணும். எவ்வளவு சீக்கிரம்? இன்னைக்கே. எந்த அளவுக்கு? பூஜ்யத்துக்கு.

இங்கதான் நான் ஒத்துப்போக மாட்டேன். பாஸ்பேட் ஏறினதால செத்த பவளத்தை விட, ஏறின பாஸ்பேட்டை அவசரமா இறக்கினதால செத்த பவளம்தான் என் கண்ணுக்கு அதிகமா பட்டிருக்கு. இது புள்ளிவிவரம் இல்லை, பல தொட்டிகளைப் பக்கத்துல இருந்து பார்த்த ஒருத்தனோட அபிப்பிராயம். ஆனா காரண காரியத்தோட சொல்றேன், கேளுங்க.

முதல்ல, பாஸ்பேட் நிஜமாவே வில்லனா?

ஓரளவுக்கு ஆமா. இயற்கையான பவளப்பாறைகள் இருக்கிற இடத்துல மேல்மட்டக் கடல்தண்ணியில பாஸ்பேட் ரொம்பக் கம்மி. பெரும்பாலும் 0.03 பிபிஎம்-க்குக் கீழேதான் இருக்கும். பவளம் தன்னோட எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால கட்டுது. அந்தப் படிகம் வளர்ற பரப்புல பாஸ்பேட் போய் ஒட்டிக்கிட்டா, அடுத்த அடுக்கு சரியா உட்காராது. கொத்தனார் செங்கல் வைக்கிற இடத்துல யாரோ வந்து உட்கார்ந்துக்கிட்ட மாதிரி.

ஆஸ்திரேலியாவுல கிரேட் பேரியர் ரீஃப்ல ஒன் ட்ரீ தீவுன்னு ஒரு இடம். அங்க ஒரு பாறைத்திட்டுல நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் மாசக்கணக்கா கலந்து பார்த்தாங்க. சுண்ணாம்பு படியுற வேகம் பாதிக்கும் மேல குறைஞ்சு போச்சுன்னு கின்சி, டேவிஸ் ரெண்டு பேரும் 1979-ல எழுதினாங்க. "பாஸ்பேட் ஆகாது"ன்னு நம்ம பொழுதுபோக்குல ஆழமா பதிஞ்சதுக்கு இந்த மாதிரி ஆய்வுகளும் ஒரு காரணம்.

ஆனா கதை அதோட முடியலை. 2012-ல டன், சம்மார்கோ, லஃப்லூர் மூணு பேரும் அக்ரோபோரா வகைப் பவளத்தை வெவ்வேறு பாஸ்பேட் அளவுல வளர்த்துப் பார்த்தாங்க. பாஸ்பேட் கூடினப்போ பவளம் வேகமா வளர்ந்துச்சு. ஆனா எலும்பு அடர்த்தி குறைஞ்சுது. அதாவது ஆள் உயரமா வளர்றான், எலும்பு மட்டும் உளுத்துப்போய். நடுக்கடல்ல அலையில நிக்கிற பவளத்துக்கு அது பெரிய ஆபத்து. நம்ம வீட்டு ஹால்ல நிக்கிறதுக்கு அந்த அளவுக்கு இல்லை.

இன்னும் ஒரு ஆள். ரிச்சர்ட் ராஸ். சான் ஃபிரான்சிஸ்கோவுல கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸ்ல இருக்கிற ஸ்டெய்ன்ஹார்ட் அக்வேரியத்துல வேலை பார்த்தவர். தன் வீட்டுத் தொட்டியில பாஸ்பேட் 1 பிபிஎம்-க்கும் மேல இருந்தும் அக்ரோபோராக்கள் நல்லா இருந்ததை வெளிப்படையா எழுதினவர். "எண்ணைப் பார்க்காதே, பவளத்தைப் பார்"ங்கிறதுதான் அவர் எழுதினதோட சாரம். எல்லாரும் 1 பிபிஎம் வெச்சுக்கங்கன்னு நான் சொல்லலை, அவரும் சொல்லலை. எண் ஏறின உடனே செத்துப்போற பொருள் இல்லை பவளம். அவ்வளவுதான் இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது.

அப்போ பூஜ்யம் ஏன் ஆபத்து?

பவளத்தோட சதைக்குள்ள குடித்தனம் பண்ற நுண்பாசி இருக்கு. சூசாந்தெல்லேன்னு பேரு. அது வெளிச்சத்தைச் சாப்பிட்டுச் சர்க்கரை பண்ணுது, பவளத்துக்குப் படியளக்குது. அந்தப் பாசிக்குப் பாஸ்பரஸ் வேணும். மரபணுவுக்கு, செல்லோட சவ்வுக்கு, சக்திப் பரிமாற்றத்துக்கு, எல்லாத்துக்கும் வேணும். அது கிடைக்கலைன்னா சவ்வு பலவீனமாகுது. வெளிச்சத்தையும் சூட்டையும் தாங்கமாட்டாம பாசி விழுந்துடுது. நாம பார்க்கிறப்போ பவளம் வெளுத்து நிக்குது.

இங்கிலாந்துல சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்துல யோர்க் வீடன்மான் குழு 2013-லயும் 2017-லயும் இதைத்தான் காட்டினாங்க. நைட்ரேட் நிறைய இருந்து பாஸ்பேட் வறண்டு போனா பவளம் வெளுக்குது. அவங்க 2017-ல சோதிச்சது யூஃபிலியா பாராடிவைசா. நம்ம ஆளுங்க கொஞ்சிக் கொஞ்சி வளர்க்கிற யூஃபிலியா குடும்பமேதான். தலைகீழா, நைட்ரேட் கம்மியா பாஸ்பேட் அதிகமா இருந்த தொட்டிகள்ல அந்த அளவுக்குச் சேதம் இல்லை.

இது தொட்டிக்குள்ள மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. அமெரிக்காவுல ஃப்ளோரிடா கீஸ் பக்கம் லூயி கீன்னு ஒரு பவளத்திட்டு. 1984-ல அங்க ஏறக்குறைய 33 சதவீதம் பவளம் மூடியிருந்துச்சு. 2008-ல அது 6 சதவீதத்துக்கும் கீழே போயிடுச்சு. பிரையன் லபாயிண்ட்டும் கூட்டாளிகளும் முப்பது வருஷத் தண்ணி அளவுகளை வெச்சு 2019-ல எழுதினது என்னன்னா, கரையில இருந்து வந்து சேர்ற நைட்ரஜன் ஏறி, நைட்ரஜன்-பாஸ்பரஸ் விகிதம் கெட்டுப்போய், பவளம் பாஸ்பரஸ் பட்டினியில கிடந்திருக்குன்னு. சூடு மட்டும் காரணமில்லைங்கிறது அவங்க வாதம்.

பூஜ்யத்துக்குப் போன தொட்டியில இன்னொரு விருந்தாளியும் வரும். டைனோஃப்ளாஜெல்லேட். சுருக்கமா டைனோ. பழுப்பு நிறத்துல சளி மாதிரி, நுனியில காத்துக்குமிழோட ஆடிட்டு இருக்கும். மத்த பாசியும் பாக்டீரியாவும் பட்டினியில படுத்த இடத்தை இது பிடிச்சுக்கும். இதுல ஆஸ்ட்ரியாப்சிஸ் மாதிரி சில வகைகளுக்கு விஷம் வேற. மேயப் போன நத்தையெல்லாம் மல்லாந்துடும். முடிப்பாசியை விரட்டப் போய் டைனோவைக் கூட்டிட்டு வர்றது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

கணக்கு கொஞ்சம் பார்ப்போம்

பயப்படாதீங்க, அஞ்சாங்கிளாஸ் கணக்குதான்.

உங்க தொட்டியில மொத்தத் தண்ணி 200 லிட்டர்னு வெச்சுக்குவோம். பாஸ்பேட் 0.5 பிபிஎம். அப்படீன்னா தண்ணியில கரைஞ்சிருக்கிறது மொத்தம் 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு கூட வராது.

ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து 20 சதவீதம் தண்ணி மாத்துறீங்க. 40 லிட்டர். வெளியே போனது 20 மில்லிகிராம்.

இப்போ சாப்பாடு. காய்ஞ்ச மீன் உணவுல எடையில சுமாரா 1 சதவீதம் பாஸ்பரஸ் இருக்கும். அதைப் பாஸ்பேட் கணக்குல சொன்னா 3 சதவீதம். தினமும் 1 கிராம் போட்டீங்கன்னா, உள்ளே போறது 30 மில்லிகிராம் பாஸ்பேட். மீன் வளர்ச்சிக்குக் கொஞ்சம் எடுத்துக்கும், மிச்சம் பெரும்பகுதி தண்ணிக்குத்தான் வரும்.

பார்த்தீங்களா? வாரம் பூரா காத்திருந்து முதுகு வலிக்க 40 லிட்டர் தூக்கி ஊத்தி வெளியேத்தினதை, ஒரே நாள் சாப்பாடு திரும்பக் கொண்டாந்து வெச்சுடுது. தண்ணி மாத்துறது வேண்டாம்னு சொல்லலை. மத்த நூறு காரியத்துக்கு அது வேணும். பாஸ்பேட் இறக்குறதுக்கு மட்டும் அதை நம்பினா அடுத்த ஞாயிறும் ஏமாற்றம்தான்.

கணக்குல வராத இன்னொரு ஆசாமி, பாறை. ரீஃப் டேங்க் பாறையும் மணலும் கால்சியம் கார்பனேட். பாஸ்பேட் ஏறி இருந்த காலத்துல அதுவும் கூடவே உறிஞ்சி வெச்சிருக்கும். தண்ணியில அளவு இறங்கினா பாறை மெல்ல விட ஆரம்பிக்கும். திங்கள் 0.5. மருந்து போட்டு செவ்வாய் 0.1. வெள்ளிக்கிழமை பார்த்தா 0.35. "கிட்டு பொய் சொல்லுது"ன்னு திட்டுவாங்க. கிட்டு பொய் சொல்லலை, பாறை கடனைத் திருப்பிக் கொடுக்குது. அந்தக் கடன் தீர வாரமில்லை, மாசக்கணக்காகலாம். அவசரப்படுறதுல அர்த்தமே இல்லைங்கிறதுக்கு இது ஒண்ணு போதும்.

சரி, எப்படித்தான் இறக்குறது?

என் வரிசை இது. யாரும் கல்வெட்டுல வெட்ட வேண்டாம். ஆனா வரிசை மாறக்கூடாதுங்கிறதுல பிடிவாதமா இருக்கேன்.

1. முதல்ல ஒழுங்கா அளங்க. ஹன்னா கம்பெனி கையடக்க மீட்டர் நிறைய பேர் வெச்சிருக்காங்க. அதுல ஒரு வகை பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸை பிபிபி-யில காட்டும். அந்த எண்ணை 3.066-ஆல பெருக்கி, 1000-ஆல வகுத்தாதான் பாஸ்பேட் பிபிஎம். மீட்டர் 10 காட்டினா, பாஸ்பேட் 0.03. இது தெரியாம 10-ஐப் பார்த்து மயங்கி விழுந்தவங்க உண்டு. அந்த வகை மீட்டர்ல 5 பிபிபி கூடக்குறைய இருக்கலாம்னு கம்பெனியே சொல்லுது. அதனால மீட்டர்ல 3 வந்தாலும் 6 வந்தாலும் வித்தியாசம்னு எடுத்துக்காதீங்க. கண்ணாடிக் குப்பியில கைரேகை, காத்துக்குமிழ், கரையாத பொடி, மூணுமே எண்ணை மாத்தும். துடைச்சு, ஒரே நேரத்துல, ஒரே கிட்டுல, மூணு நாள் அளந்து சராசரி எடுங்க. அதுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்க.

2. பவளத்தைப் பாருங்க. 0.2 காட்டுது, ஆனா பவளம் நல்லா விரிஞ்சு, வளர்ந்து, நிறமா இருக்கு, பாசியும் இல்லை. அப்போ என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ண வேண்டாம். டீ போட்டுக் குடிங்க.

3. வர்ற வழியை அடைங்க. மேலே ஊத்துற தண்ணி ஆர்ஓ-டிஐ தண்ணியா, டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுதா? (இங்க மட்டும் பூஜ்யத்துக்கு ஆசைப்படலாம்.) அமெரிக்கா மாதிரி நாடுகள்ல பல ஊர்க் குழாய்த்தண்ணியில வேணும்னே பாஸ்பேட் கலக்கிறாங்க, பழைய ஈயக்குழாய் அரிக்காம இருக்க. ஃப்ளின்ட் நகரத்துல 2014-ல தண்ணி ஆதாரத்தை மாத்தினப்போ இந்த மாதிரி அரிப்புத் தடுப்பு சேர்க்காம விட்டதாலதான் ஈயம் கலந்து ஊரே அவதிப்பட்டுச்சு. மனுஷனுக்கு நல்லது, நம்ம தொட்டிக்கு ஆகாது. சில மலிவு ஆக்டிவேட்டட் கார்பன்லயும் பாஸ்பேட் கசியும். ஒரு கிண்ணம் சுத்தத் தண்ணியில ஊறப்போட்டு அளந்தா தெரிஞ்சுடும்.

உறைஞ்ச உணவை அலசிட்டுப் போட்டா பாஸ்பேட் குறையும்னு ஒரு நம்பிக்கை. அலசலாம், தப்பில்லை. ஆனா அலசுற தண்ணியோட போறது கொஞ்சம்தான். பெரும்பங்கு அந்த இறாலோட உடம்புக்குள்ளயே இருக்கு. மீன் அதைத்தானே சாப்பிடப் போகுது? அதுக்காக மீனைப் பட்டினி போடாதீங்க. மீனுக்குச் சோறு போடாம தண்ணியைச் சுத்தமா வெச்சிருக்கிறது ஒரு சாதனையா?

4. வெளியே போற வழியைத் திறங்க. ஸ்கிம்மர் சுத்தமா ஓடுதா, ஃபில்டர் சாக்ஸை மூணு நாளுக்கு ஒரு தடவை மாத்துறீங்களா, சம்ப்ல சேறு தங்கியிருக்கா? நத்தையும் நண்டும் பாசியைத் தின்னா பாஸ்பேட் போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. இந்தப் பக்கம் தின்னு அந்தப் பக்கம் போட்டுடும். தொட்டியை விட்டு வெளியே வந்தாத்தான் கணக்குல சேரும். அதுக்கு அழகான வழி கீட்டோமார்ஃபா பாசி. சம்ப்ல ஒரு அறை ஒதுக்கி, விளக்கு போட்டு, நூல்கண்டு மாதிரி இருக்கிற இந்தப் பாசியை வளர விட்டு, வாரம் ஒரு பிடி வெட்டிக் குப்பையில போடுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. கடல்பாசிகள் பாஸ்பரஸ் ஒரு பங்கு எடுத்தா நைட்ரஜனை முப்பது பங்கு போல எடுக்கும். நைட்ரேட் முதல்ல தீர்ந்து போனா பாசியும் நின்னுடும், பாஸ்பேட்டும் அங்கேயே நின்னுடும். வினிகர், வோட்கா ஊத்தி பாக்டீரியா வளர்க்கிற முறைக்கும் இதே தடை உண்டு. (வோட்கா தொட்டிக்குத்தாங்க, சத்தியமா!)

5. மேலே சொன்னதெல்லாம் பண்ணி ஒரு மாசம் ஆகியும் இறங்கலைன்னா, அப்போ இரும்பு. ஜிஎஃப்ஓ-ன்னு சொல்ற ஃபெரிக் ஆக்சைடு குருணை. துரு நிறத்துல இருக்கும். பாஸ்பேட்டை இழுத்துத் தன் மேல ஒட்டிக்கும். பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுல நாலுல ஒரு பங்குல ஆரம்பிங்க. நல்லா அலசி, ரியாக்டர்ல மேல்பரப்பு லேசா கொதிக்கிற மாதிரி மட்டும் தண்ணி ஓடட்டும். குருணை ஒண்ணோட ஒண்ணு உரசிப் பொடியாகக்கூடாது. ரியாக்டர்ல இருந்து வர்ற தண்ணியைத் தனியா அளங்க. உள்ளே போறதும் வெளியே வர்றதும் ஒண்ணா இருந்தா குருணை தீர்ந்துடுச்சு, மாத்துங்க. "ரெண்டு மாசம் ஆச்சே"ன்னு காலண்டர் பார்த்து மாத்தாதீங்க. மாத்துறப்போ மறுபடியும் முழு அளவைக் கொட்டாதீங்க. புதுக்குருணை பசியோட இருக்கும்.

வெள்ளை மணியா வர்ற அலுமினியம் ஆக்சைடும் இதே வேலையைச் செய்யும். ஆனா அலுமினியம் கசிஞ்சா லெதர் மாதிரி மென்பவளங்கள் சுருங்கிப் போறதை ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி சோதிச்சு எழுதியிருக்கார். வேதியியல்ல முனைவர், நம்ம பொழுதுபோக்குல பலருக்கு வாத்தியார். அவர் சொன்னா கேட்டுக்கலாம்.

6. கடைசி ஆயுதம், லாந்தனம் குளோரைடு. நீச்சல் குளத்துப் பாசிக்குப் பயன்படுத்துற சரக்கு. தண்ணியில விட்ட உடனே பாஸ்பேட்டோட சேர்ந்து வெள்ளைப் பொடியா கெட்டியாயிடும். சிறுநீரகம் செயலிழந்தவங்களுக்கு ரத்தத்துல பாஸ்பேட் ஏறாம இருக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரை கொடுக்கிறாங்களே, அதே வித்தை. வேலை செய்யுமான்னா, அட்டகாசமா செய்யும். பிரச்சனையே அதுதான்.

1 மில்லிகிராம் பாஸ்பேட்டைப் பிடிக்க ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் லாந்தனம் போதும். நம்ம 200 லிட்டர் தொட்டியில 0.1 பிபிஎம் இறக்கணும்னா 20 மில்லிகிராம் பாஸ்பேட். அதுக்கு 30 மில்லிகிராம் லாந்தனம். லட்சம் லிட்டர் நீச்சல் குளத்துக்காகத் தயாரான புட்டியில இருந்து ஒரு மூடி ஊத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. அந்த வெள்ளைப் பொடி சர்ஜன் மீன்களோட செவுள்ல அடைச்சு மூச்சுத்திணறி செத்ததா நிறைய பேர் சொல்லியிருக்காங்க. மிச்ச லாந்தனம் கார்பனேட்டோட சேர்ந்து ஆல்கலினிட்டியையும் இழுத்துட்டுப் போகும். பயன்படுத்தித்தான் ஆகணும்னா நல்லா நீர்க்க வெச்சு, சொட்டுச் சொட்டா, மணிக்கணக்கா, ஸ்கிம்மருக்குப் பக்கத்துல இருக்கிற 5 அல்லது 10 மைக்ரான் சாக்ஸுக்குள்ள விடுங்க. முடிஞ்ச உடனே சாக்ஸைக் கழட்டிடுங்க. புட்டிக்குப் புட்டி செறிவு மாறும், அதனால மில்லிலிட்டர் கணக்கு நான் சொல்ல மாட்டேன். ஒருத்தர் சொன்ன மில்லிலிட்டரை இன்னொருத்தர் புட்டிக்குப் போடுறதுதான் பாதி விபத்துக்குக் காரணம்.

7. வேகம். இதுதான் பதிவோட உயிர். வாரத்துக்கு, இருக்கிறதுல நாலுல ஒரு பங்குக்கு மேல இறக்காதீங்க. 0.5-ல ஆரம்பிச்சா அடுத்தடுத்த வாரம் 0.38, 0.28, 0.21, 0.16, 0.12, 0.09. ஆறு வாரம். அவ்வளவுதான். 0.1 பக்கம் வந்ததும் கையைக் கட்டிட்டு உட்காருங்க. 0.03-க்கும் 0.1-க்கும் நடுவுல எங்கே நின்னாலும் எனக்குச் சந்தோஷம். நைட்ரேட்டும் கொஞ்சம் இருக்கட்டும், ரெண்டும் ஒண்ணா பூஜ்யம் ஆகிடக்கூடாது.

இந்த ஆறு வாரமும் ஆல்கலினிட்டியைத் தினம் பாருங்க. படிகத்து மேல உட்கார்ந்திருந்த பாஸ்பேட் விலகினதும் பவளம் வேகமா சுண்ணாம்பு கட்ட ஆரம்பிக்கும். ஜிஎஃப்ஓ மேலயும் கொஞ்சம் சுண்ணாம்பு படியும். நேத்து வரைக்கும் போதுமா இருந்த டோசிங் இன்னைக்குப் பத்தாது. பல பேர் "பாஸ்பேட் இறங்கினதும் பவளம் அடியில இருந்து உரிய ஆரம்பிச்சுது"ன்னு புலம்புறப்போ ஆல்கலினிட்டி என்னன்னு கேட்டா பதில் இருக்காது.

நண்பர் ஒருத்தர் கதை

தொட்டி ஏழு வருஷப் பழசு. அக்ரோபோராவே பதினாலு கொத்து. பாஸ்பேட் 0.6. பவளம் கொஞ்சம் பழுப்பா இருந்துச்சு, மத்தபடி எல்லாம் உயிரோட, வளர்ந்துக்கிட்டு. கடைக்காரர் ஒருத்தர் "இவ்வளவா? உடனே இறக்குங்க சார்"னு ஒரு டப்பா ஜிஎஃப்ஓ கொடுத்தார். முழு டப்பாவும் ரியாக்டருக்குள்ள போச்சு. மூணாவது நாள் மீட்டர்ல 0.02. நண்பர் எனக்குப் போன் பண்ணிச் சந்தோஷப்பட்டார். பத்தாவது நாள் மறுபடியும் போன். அடியில இருந்து வெள்ளையா உரியுதுன்னார். மாசக் கடைசியில பதினாலுல மிச்சம் மூணு. ஏழு வருஷம் அந்தப் பழுப்புத் தண்ணியில வாழ்ந்ததுங்க, பத்து நாள் சுத்தத்துல போயிடுச்சுங்க. அவரை நான் குறை சொல்லலை. எண் கெட்டது, எண்ணை இறக்கு, சீக்கிரம் இறக்குன்னுதான் எல்லாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. பவளத்தைப் பாருன்னு யாரும் சொல்லலை.

அதனாலதான் இந்தப் பதிவு. டெஸ்ட் கிட் வாங்கினா கூடவே மருந்தும் விக்கிற உலகம் இது. "ஒண்ணும் பண்ணாதீங்க, காத்திருங்க"ங்கிற அறிவுரையை டப்பாவுல அடைச்சு விக்க முடியாது, அதனால அதை யாரும் சொல்ல மாட்டாங்க. நாமதான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கணும்.

"அப்போ பாசியை என்ன பண்றது?"ன்னு கேப்பீங்க. கையால பிடுங்குங்க. நத்தை விடுங்க. பாசி அடர்ந்து கிடக்கிற தொட்டியில மீட்டர் பூஜ்யம் காட்டுறதும் உண்டு, ஏன்னா வந்த பாஸ்பேட்டையெல்லாம் பாசி அப்பவே தின்னுடுது. இன்னொண்ணு, கிட்டு காட்டுறது ஆர்த்தோபாஸ்பேட்டை மட்டும்தான். கரிமப் பொருள்ல கட்டுண்டு கிடக்கிறதைக் காட்டாது. எண்ணை மட்டும் நம்பி வைத்தியம் பண்ணினா ரெண்டு பக்கமும் அடி.

பொறுமை இல்லாதவங்களுக்கு ஏத்த பொழுதுபோக்கு இல்லை இது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளர்ற ஜீவனை வளர்க்க வந்துட்டு, மூணு நாள்ல ரிசல்ட் கேட்டா எப்படி?

டிஸ்கி 1: இந்தியாவுல இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாறை கட்டுற கடினப் பவளங்கள் எல்லாம், கூடவே கருப்புப் பவளம், ஆர்கன் பைப், நெருப்புப் பவளம், கடல் விசிறி இதெல்லாம் 2001-லயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்குப் போயாச்சு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. 2022 திருத்தத்துக்கு அப்புறமும் முதல் அட்டவணைதான். "மன்னார் வளைகுடா சரக்கு சார்"னு யாராவது காதுல கிசுகிசுத்தா திரும்பிப் பார்க்காம நடையைக் கட்டுங்க. பதிவுல சொன்ன கணக்கெல்லாம் மீன் மட்டும் வெச்சிருக்கிற உப்புத்தண்ணித் தொட்டிக்கும் உதவும்.

டிஸ்கி 2: "என் தொட்டி பூஜ்யத்துல ஓடுது, சூப்பரா இருக்கு"ன்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். வர்றப்போ தினம் எத்தனை தடவை சாப்பாடு போடுறீங்கன்னும் சேர்த்து எழுதுங்க. ஏறினபடியே சாப்பாடும் போய், இறங்கினபடியே வெளியேற்றமும் நடந்தா மீட்டர்ல எண் சின்னதா இருக்கும், பவளம் பட்டினியில இருக்காது. மீனும் இல்லாம, சாப்பாடும் இல்லாம வர்ற பூஜ்யம் வேற. அதுலதான் எனக்குச் சண்டை :-)